சாட்சிக் கூண்டில் நின்ற தளபதி

பெருமதிப்புக்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பேச்சாளர்களே, வேலை முடிந்த களைப்போடும் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் திருகோணமலைப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஒரு படைத்தளபதியின் பெருமையை நிலைநாட்டுவது களத்தில் அவர் பெற்ற வெற்றியா, இளைப்பாறிய பின் அவர் ஏற்ற பொறுப்பா என்ற வினாவில், இளைப்பாறிய பின் ஏற்ற பொறுப்பே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி என்னிடம் உயர்தர வகுப்பில் வரலாறு கற்றவர். போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனுக்கே பரணி பாடிய மரபு நம்முடையது என்று அவர் தொடங்கினார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்ததை நினைவூட்டி, அதே ஆண்டில் பர்மாவிலிருந்து பின்வாங்கிய படையை 1945இல் வெற்றிப் படையாக அதே மண்ணுக்குத் திருப்பிக் கொண்டுசென்ற பிரித்தானிய ஜெனரல் ஸ்லிம் போன்றவர்கள் இல்லாவிட்டால் இந்த ஊரின் கதி என்னவாகியிருக்கும் என்று கேட்டார். பிறகு, எங்கள் அணித் தலைவர் முன்வைத்த கனடா நாட்டின் இளைப்பாறிய ஜெனரல் ரோமியோ டலேரைச் சுட்டி, தோற்றுத் திரும்பிய ஒருவரை வைத்துக்கொண்டா வெற்றியை எதிர்க்கிறீர்கள் என்று வினவி அமர்ந்தார்.

ஸ்லிமின் வெற்றியை நான் ஒரு சொல்லாலும் குறைக்கமாட்டேன். ஆனால், நிலாவெளி வீதியால் போகும்போது இடையில் இருக்கும் யுத்த மயானத்தைத் தம்பியும் பார்த்திருப்பார். அங்கே வரிசையாக நிற்கும் கற்களின் கீழ் உறங்குபவர்களைப் போன்றவர்களின் உயிரும், பின்னால் இருந்து வந்துகொண்டே இருந்த உணவும் தோட்டாவும், ஒரு பேரரசின் கருவூலமும் சேர்ந்துதான் ஒரு தளபதியின் வெற்றி ஆகிறது. அதில் அவருடைய பங்கு பெரிதாக இருக்கலாம். முழுவதும் அவருடையது அன்று. சீருடையைக் கழற்றி மடித்து வைத்த மறுநாள் காலையில் அவர் என்ன செய்கிறார் என்பதற்குக் கட்டளையும் இல்லை, படையும் இல்லை, பதக்கமும் இல்லை. அங்கே தெரிவது அந்த மனிதர் மட்டுமே.

டலேர் யார் என்று தெரியாமல் அவரை எடைபோட முடியாது. 1946இல் நெதர்லாந்தில், கனடியப் படைவீரர் ஒருவருக்கும் டச்சுத் தாதி ஒருவருக்கும் பிறந்து, கைக்குழந்தையாகக் கனடா வந்து மொன்றியலில் வளர்ந்தவர். தந்தையின் வழியில் படைக்குச் சென்று, பீரங்கிப் படையில் படிப்படியாக உயர்ந்து, பிரிகேடியர் ஜெனரலானார். 1993இல் அவருக்கு வந்த பணி, ஆபிரிக்க நாடான ருவாண்டாவுக்கான ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் தளபதி என்பது. ஹூட்டு இனத்தவர் கையில் இருந்த அரசுக்கும் துட்சிகளின் கிளர்ச்சிப் படைக்கும் இடையில், அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் தன்சானியாவின் அருஷா நகரில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த உதவுவதே வேலை. அதற்கென அவருக்குக் கிடைத்த படை ஏறத்தாழ 2,500 பேர்.

1994 ஜனவரி 11ஆம் திகதியை இந்த மன்றம் மறக்கக் கூடாது. அன்று அவர் நியூயோர்க்கில் உள்ள ஐக்கிய நாடுகள் தலைமையகத்துக்கு ஒரு தொலைநகல் அனுப்பினார். தலைநகர் கிகாலியில் வாழும் துட்சிகள் அனைவரையும் பதிவு செய்யும்படி ஹூட்டு ஆயுதக் குழுவினருக்கு உத்தரவு வந்திருக்கிறது. அது அவர்களை அழிப்பதற்காகத்தான் என்று தகவல் தந்தவர் சந்தேகிக்கிறார். இருபது நிமிடத்தில் ஆயிரம் பேர் வரை கொல்லக்கூடிய அளவுக்கு அந்தக் குழுக்கள் பயிற்றப்பட்டிருக்கின்றன. ஆயுதங்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் இடம் தெரியும். 36 மணித்தியாலத்துக்குள் அவற்றைக் கைப்பற்றப் போகிறேன் என்று எழுதினார். தலைமையகம் அதைத் தடுத்தது. உங்களுக்குத் தரப்பட்ட ஆணையின் எல்லைக்குள் அது வராது என்று பதில் வந்தது.

ஏப்ரல் 6ஆம் திகதி இரவு ருவாண்டா ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் பிரதமர் அகாத் உவிலிங்கியிமானாவும், அவரைக் காக்கச் சென்ற பெல்ஜியப் படைவீரர்கள் பத்துப் பேரும் கொல்லப்பட்டனர். வீதிக்கு வீதி தடைகள் போடப்பட்டன. பெல்ஜியர் ஆண்ட 1930களிலிருந்தே அந்த நாட்டின் அடையாள அட்டையில் இனம் எழுதப்பட்டிருந்தது; அட்டையை நீட்டியவர் வாழ்வதா சாவதா என்பதை அந்த ஒரு வரியே முடிவு செய்தது. வீதித்தடையில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு, அதை வாங்கிப் பார்ப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்பதை, இந்த மண்டபத்தில் இருக்கும் நரைத்த தலைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ நூறு நாட்களில், பெரும்பாலும் துட்சிகளாக, எண்ணூறாயிரம் பேர் வரையில் கொல்லப்பட்டார்கள்.

பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 5,000 பேர் தந்தால் நிறுத்திவிடலாம் என்று டலேர் கேட்டுக்கொண்டிருக்க, ஏப்ரல் 21ஆம் திகதி பாதுகாப்புச் சபை இருந்த படையையும் 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. அவரும், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த கானா நாட்டு ஜெனரல் ஹென்றி அனிடோஹோவும் போக மறுத்தனர். ஏறத்தாழ 450 பேர், பெரும்பாலும் கானா நாட்டவர், போதிய மருந்தோ தோட்டாவோ இல்லாமல் அங்கேயே தங்கினர். விளையாட்டரங்கிலும் விடுதியிலும் வைத்தியசாலையிலும் தஞ்சம் புகுந்திருந்த பல்லாயிரம் மக்களுக்கு அவர்களே அரண். அவர்களில் ஒருவரை இந்த மேடையில் பெயர் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை: செனகல் நாட்டுக் கப்டன் ம்பாயே டியாங். ஆயுதம் ஏந்தாத கண்காணிப்பாளரான அவர், தடைக்குத் தடை பேசியே நூற்றுக்கணக்கானோரைத் தன் வாகனத்தில் சிறிது சிறிதாகக் கடத்திக் காப்பாற்றி, மே 31ஆம் திகதி மோட்டார் குண்டொன்றுக்குப் பலியானார்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ஆம், டலேர் தோற்றார். பத்துப் பெல்ஜிய வீரர்களின் சாவு தொடர்பில் அந்த நாட்டில் அவர்மீது கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தன. அந்த நாளில் படை முகாம் ஒன்றைக் கடந்து செல்கையில் அவர்களில் இருவர் நிலத்தில் கிடந்ததைத் தான் கண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் நான் மூடி மறைக்க வரவில்லை. அவரும் மறைக்கவில்லை என்பதுதான் என் வாதத்தின் முதற்கல். மேலிடம் தடுத்தது என்று ஒரு வரியில் தப்பித்துக்கொள்ள அவரிடம் எழுத்து மூலமான ஆதாரம் இருந்தது. அப்படி இருந்தும், என் பணியில் நான் தோற்றேன் என்று தன் பெயரையும் சேர்த்தே சொன்னார். வென்ற தளபதிகளில் எத்தனை பேர் தங்கள் கணக்கில் ஒரு பிழையையேனும் இப்படி எழுதி வைத்தார்கள் என்று எதிரணி காட்டட்டும்.

2000 ஏப்ரலில், லெப்டினன்ட் ஜெனரல் தரத்தில், மருத்துவக் காரணத்தால் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். காரணம், நமது வைத்தியர்கள் மனவடு என்று சொல்லும் நோய். அந்த ஜூன் மாதம், ஒட்டாவாவுக்கு எதிர்க்கரையிலுள்ள ஹல் நகரத்துப் பூங்கா ஒன்றில், மதுவும் மருந்தும் கலந்த மயக்கத்தில் அவரைக் கண்டெடுத்தார்கள். ஒரு ஜெனரலுக்கு இது பேரவமானம் என்று பலரும் எண்ணியிருப்பார்கள். அவரோ சில நாட்களிலேயே தன் நிலையைக் கடிதமாக எழுதி வானொலிக்கு அனுப்பினார். நாடு முழுவதும் அதைக் கேட்டது. போரையும் கடற்கோளையும் அடுத்தடுத்துக் கண்ட நமது ஊரிலே, இரவில் அலறி எழும் மனிதர்களைப் பேய் பிடித்தவர் என்றும் குடிகாரர் என்றும் ஒதுக்கி, வீட்டின் பின்னறையில் வைத்த குடும்பங்களை நான் அறிவேன். நான்கு பேர் முன்னிலையில் அந்த நோயின் பெயரைச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. நட்சத்திரங்கள் தோளில் இருந்த ஒருவர் அதைச் சொன்னதன் பெறுமதி அவர்களுக்குத்தான் முதலில் விளங்கும்.

இரண்டாவதாகப் பேசிய எதிரணி அக்கா, களத்தில் பெற்ற புகழ் இல்லாவிட்டால் இளைப்பாறியவரின் பேச்சை யார் கேட்பார்கள் என்றார். டலேர் களத்திலிருந்து கொண்டுவந்தது புகழ் அன்று, அக்கா. காக்க முடியாமற்போன எண்ணூறாயிரம் பேரின் நினைவு. அதைச் சுமந்துகொண்டுதான் 2005இல் கனடாவின் செனட் சபைக்குச் சென்று 2014 வரை அமர்ந்தார். அதைச் சுமந்துகொண்டுதான் 2007இல் சிறுவர் படையினர் பற்றிய தன் முயற்சியைத் தொடங்கினார். அது பின்னர் ஹலிபக்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகமொன்றில் நிலைகொண்டது.

நடுவர் ஐயா, இந்த இடத்தில் சற்று நிற்க அனுமதி வேண்டும். நான் முப்பது ஆண்டுகள் மாணவர் வரவு இடாப்பைக் கையில் பிடித்தவள். காலையில் பெயரைக் கூப்பிடும்போது, பதில் வராத பெயர்கள் சில ஆண்டுகளில் எனக்கு இருந்தன. முதல் நாள் கணக்குக் கொப்பியைத் திருத்த வைத்துவிட்டுப் போன பிள்ளையின் வாங்கு மறுநாள் வெறுமையாகக் கிடந்தது. கொப்பி மட்டும் என் மேசையில் இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவர்களை நான் எந்தப் பக்கம் என்று பார்த்து மன்னிக்கமாட்டேன். ஆகவே, டலேர் எடுத்துக்கொண்ட வேலையை நான் தூரத்து நாட்டுச் செய்தியாகப் படிக்கவில்லை.

அவர் கேட்டது ஒரு படைவீரனுக்கே தோன்றக்கூடிய கேள்வி. பிள்ளைகளைப் படையில் சேர்க்காதே என்று சட்டம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சண்டையில் ஈடுபடுத்துவதைத் தடுக்கும் ஐக்கிய நாடுகள் உடன்பாடும் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால், வளைவொன்றைத் திரும்பும் இராணுவ வாகனத்தின் முன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று துப்பாக்கியோடு நின்றால், அந்த நொடியில் அந்த வீரன் என்ன செய்ய வேண்டும்? சுட்டால் ஒரு பிள்ளையைக் கொன்றவனாவான். சுடாவிட்டால் தன்னோடு வந்தவனை இழப்பான். இதற்குப் படைகளிடம் விடை இருக்கவில்லை. அவருடைய குழு படையினருக்கும் பொலிசாருக்கும் இதற்கென்றே பயிற்சி வகுத்தது. பிள்ளைகள் எப்படிச் சேர்க்கப்படுகிறார்கள், எந்த வேலைக்கு வைக்கப்படுகிறார்கள், அவர்களை எதிர்கொள்ளும்போது சூட்டை எப்படித் தவிர்க்கலாம் என்பவை பாடங்களாயின. 2017இல் கனடியப் படை இந்தப் பிரச்சினைக்கென்றே தனி வழிகாட்டல் கோட்பாட்டை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில், அமைதிப்படையினர் சிறுவர் ஆட்சேர்ப்பைத் தடுப்பதற்கான வன்கூவர் கோட்பாடுகளை ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன. பீரங்கிப் படையில் கற்ற ஒழுங்கை ஒரு மனிதர் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று பாருங்கள்.

எதிரணி இன்னொன்றையும் சொன்னது. அவர் பேசியதால் இறந்தவர்கள் எழுந்து வந்தார்களா என்று. வரவில்லை. யாருடைய வெற்றியாலும் எவரும் எழுந்து வந்ததில்லை. ஆனால், இறந்தவர்களுக்காக ஒருவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அருஷா நகரிலேயே அமர்ந்தது; எந்தச் சமாதானத்தைக் காக்க அவர் அனுப்பப்பட்டாரோ, அது கையெழுத்தான அதே நகரம். சேவையில் இருந்தபோது, 1998இல், அங்கே ஒருமுறை சென்று சாட்சியமளித்தார். 2004 ஜனவரியில் மீண்டும் சென்றபோது அவர் இளைப்பாறிய மனிதர். தன் நோயையும் வைத்துக்கொண்டு, அந்த நூறு நாட்களையும் மறுபடி மனத்தில் நடந்து பார்த்தால் என்ன ஆகும் என்று அறிந்துகொண்டே, ருவாண்டாவின் பாதுகாப்பு அமைச்சில் உயரதிகாரியாக இருந்த முன்னாள் கேணல் தியோனெஸ்ட் பாகொசோரா குற்றவாளிக் கூண்டில் இருந்த வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகளின் குறுக்கு விசாரணைக்கு நாட்கணக்கில் முகங்கொடுத்தார். 1994இல் நியூயோர்க் கேளாமல் விட்டவற்றை இம்முறை நீதிபதிகள் கேட்டார்கள். ஒவ்வொரு சொல்லும் பதிவானது. 2008 டிசம்பர் 18ஆம் திகதி பாகொசோரா இனப்படுகொலைக் குற்றவாளியெனத் தீர்ப்பாகி ஆயுள் தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாயிற்று. அந்தக் கூண்டில் டலேர் நின்றபோது பின்னால் அணிவகுக்க அவருக்கு ஒரு வீரனும் இருக்கவில்லை. தம்பி தேடும் களமும் பெருமையும் எனக்கு அங்கேதான் தெரிகின்றன.

மணி ஒலித்துவிட்டது. செவிமடுத்த நடுவர் ஐயா அவர்களுக்கும் சபையோருக்கும் நன்றி, வணக்கம்.