காலை வெயிலும் நம் கடிகாரமும்

நேயர்களுக்கு வணக்கம். வருஷம் முழுக்க வெயில் காயும் கோலாலம்பூரில் எனக்கு எப்படி வைட்டமின் டி குறையும் என்று, ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டிக் கேட்பவர்கள் உண்டு. வெயில் காய்வது வெளியே. நாம் இருப்பது உள்ளே. அடுக்குமாடியின் கீழே காரில் ஏறி, ஆபீஸ் கார் பார்க்கில் இறங்கி, சாயங்காலம் பேரங்காடியில் சுற்றினால் உடம்பில் எங்கே வெயில் படும்? ஜன்னலோரம் உட்கார்ந்தும் பயனில்லை. தோலில் இந்தச் சத்தை உண்டாக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடியே தடுத்துவிடும்.

"நான் தினமும் ஏழரைக்கு நடக்கிறேனே டாக்டர், இளவெயில் போதாதா?" என்பார் இன்னொருவர். நடை நல்லது, விடாதீர்கள். ஆனால் அந்த வெயிலில் புற ஊதா பி மிகக் குறைவு. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒன்றேகால் மணி வாக்கில்தான். பினாங்கில் இன்னும் சில நிமிடம் தள்ளி. உங்கள் ஏழரை, சூரியனுக்கு ஆறேகால்! கடிகாரத்தை விட்டுவிட்டு நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் அந்த வெயிலால் பெரிய பலன் கிடையாது. இங்கே பத்தேகாலுக்கு மேல்தான் நிழல் குறுகும். அந்த நேரத்தில் முழங்கையும் காலும் தெரிய, தோல் சிவக்காத அளவுக்கு, கொஞ்ச நேரம் நின்றால் போதும். உச்சி வெயிலில் காயச் சொல்லவில்லை. நம்மைப் போன்ற கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் தேவை. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் கதிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வயதாக ஆகத் தோலின் திறனும் குறையும்.

குறைந்தால் என்ன ஆகும்? வைட்டமின் டி இல்லாமல், சாப்பிடும் கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் குடல் வழியாக உடம்பில் சேரும். குழந்தைகளுக்குக் கால் வளையும். பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகி, இடுப்பும் தொடையும் வலிக்கும். நாற்காலியிலிருந்து எழ, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி உந்துவார்கள். படியேறும்போது கைப்பிடியை விடமாட்டார்கள். "வயசாச்சு" என்று வீட்டார் தள்ளிவிடுவதுதான் எனக்குக் கோபம். சத்துக் குறைவுதான் காரணம் என்றால் இதைச் சரிசெய்ய முடியும்.

சாப்பாட்டில் கெம்போங் மீன், டின் சார்டின், முட்டை மஞ்சள் கரு இவற்றில் ஓரளவு உண்டு. சைவர்கள் வாங்கிய காளானை நறுக்கி நல்ல வெயிலில் சற்று நேரம் வைத்துச் சமைக்கலாம். அதில் வைட்டமின் டி-யின் ஒரு வகையான டி2 கூடும்.

இனி மாத்திரை. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் பொதுவாகக் குறைவு என்போம். அப்போது மாத்திரை தேவைப்படும். குறைவே இல்லாதவருக்கு அது சர்வரோக நிவாரணி அல்ல. அமெரிக்காவில் 25,000 பேருக்கு மேல் சேர்த்து நடந்த வைட்டல் ஆய்வில், டி மாத்திரை புற்றுநோயையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் வரை போகும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக் கொடுத்த வாரம் ஒரு முறை போடும் மாத்திரையை நீங்கள் தினமும் போடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பார்மசியில் வாங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.