"ஏன் இவ்வளவு நேரம்?": காத்திருந்தவரின் கோபத்துக்குள் என்ன இருக்கிறது?

[காட்சி: கொழும்பு, வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை. நான்காம் மாடிப் பல்கனி ஒன்றில் மட்டும் விளக்கு எரிகிறது. இரவு 9.15.]

இந்தத் தொடர்மாடி வீட்டில் தாய் ஒருவர் முக்கால் மணி நேரமாகப் பல்கனிக்கும் அடுப்படிக்கும் இடையே நடந்துகொண்டிருக்கிறார். கொள்ளுப்பிட்டியில் வேலை செய்யும் மகள் வழமையாக எட்டரைக்குள் வந்துவிடுவாள். இன்று அவளது போன் வேலை செய்யவில்லை. ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்பும் ஒவ்வொரு முறையும் தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார். மயூரபதி அம்மனுக்கு மனதுக்குள் ஒரு நேர்த்தியும் வைத்தாயிற்று. அப்போது லிஃப்ட் கதவு திறக்கிறது. மகள் வந்து வாசலில் நிற்கிறாள், ஒரு கீறல்கூட இல்லாமல்.

"இதென்ன வீடோ, சத்திரமோ? என்னத்துக்கு உனக்கொரு போன்?"

"சார்ஜ் முடிஞ்சுபோச்சம்மா. அதுக்கேன் இப்பிடிக் கத்துறியள்?"

தந்தை எதுவும் சொல்லவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டிவைக்கிறார்.

[காட்சி: வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு. மேசையில் மூடிவைத்த பிட்டு.]

பிள்ளை பத்திரமாக வந்துவிட்டாள் என்று நெஞ்சு குளிரவேண்டிய கணத்தில் கோபம் ஏன் முந்திக்கொண்டு வருகிறது? இதற்கு உடல் சார்ந்த விடை ஒன்று உண்டு. பயந்திருக்கும்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. பயத்துக்கான காரணம் ஒரே நொடியில் மறைந்தாலும் உடலின் இந்தக் கொதிநிலை தணியச் சில நிமிடங்களாவது எடுக்கும். உளவியலாளர் டொல்ஃப் ஸில்மான் 1970களில் விளக்கியது இதைத்தான்: ஓர் உணர்ச்சி மிச்சம் வைத்துவிட்டுப் போகும் கிளர்ச்சி, அடுத்து வரும் உணர்ச்சிக்கு எரிபொருளாகிவிடுகிறது. பயம் போய்விட்டது, படபடப்புப் போகவில்லை. எதிரே நிற்பவளோ அந்தப் படபடப்பை உண்டாக்கியவள்.

ஆனால் எரிபொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே இது சொல்கிறது. அது ஏன் கோபமாகப் பற்றுகிறது, அதுவும் மிக நெருங்கியவர் மீதே ஏன் பற்றுகிறது என்பதை அறிய, ஒரு குழந்தையிடம் போகவேண்டியிருக்கிறது.

[காட்சி: பழைய மருத்துவமனைக் கட்டில் ஒன்றின் கோட்டோவியம். கம்பிகளுக்குள் நிற்கும் சிறு குழந்தை.]

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானிய மருத்துவமனைகள் பலவற்றில், அனுமதிக்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் விரும்பியபடி வந்து பார்க்க முடியாது. சில இடங்களில் வாரத்துக்கு ஒருமுறைதான். தாய் வந்துபோனால் குழந்தை அழும், அழுதால் விடுதி குழம்பும் என்பதே காரணம். ஜேம்ஸ் றொபர்ட்சன் என்பவர் இக்குழந்தைகளைப் பொறுமையாக அவதானித்து, 1952இல் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மருத்துவமனை நாட்களைப் படம்பிடித்தும் காட்டினார். அவரும் மனநல மருத்துவர் ஜோன் போல்பியும் கண்டது மூன்று கட்டங்களை. முதலில் குழந்தை அழுது, உதைத்து, எதிர்ப்புத் தெரிவிக்கிறது. பிறகு நம்பிக்கை இழந்து சோர்கிறது. இறுதியில் அமைதியாகி, தாய் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "பிள்ளை பழகிவிட்டது" என்று தாதியர் நிம்மதியடைந்தது இந்த மூன்றாம் கட்டத்தைப் பார்த்துத்தான். உண்மையில் கவலைப்பட்டிருக்க வேண்டியதும் அதையே. பெற்றோர் தடையின்றிப் பார்க்க அனுமதிக்கவேண்டும் என்று அரசாங்கக் குழு ஒன்று பரிந்துரைக்க 1959 வரை காலம் எடுத்தது.

இந்த வரிசையில் என்னைக் கவர்வது கோபம் நிற்கும் இடம். அது பாசம் முடிந்த பிறகு வருவதில்லை. பாசம் இன்னும் நம்பிக்கையோடு இருக்கும்போது வருகிறது. பிரிவுக்குப் பிந்திய கோபத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்று 1973இல் போல்பி எழுதினார்: மீண்டும் சேர்வதற்கான தடையை உடைப்பதும், போனவர் இனி அப்படிப் போகாமல் பார்த்துக்கொள்வதும். பல்கனியில் நின்ற தாய் கேட்டது வீடா சத்திரமா என்பதையல்ல. "இன்னொரு முறை என்னை இப்படி நிற்கவைக்காதே" என்பதே அதன் பொருள்.

[காட்சி: விளையாட்டுப் பொருட்கள் பரப்பிய அறை. இரண்டு கதிரைகள்.]

தந்தையின் மௌனத்துக்கும் இதே ஆய்வு மரபில் ஒரு விளக்கம் இருக்கிறது. போல்பியுடன் பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வேர்த், 1954இல் உகண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு வீடாகச் சென்று பார்த்தவர். பின்னர் அமெரிக்காவின் பல்டிமோர் நகரில் ஏறத்தாழ 20 நிமிடச் சோதனை ஒன்றை வடிவமைத்தார். ஒரு வயதுக் குழந்தையை அறையில் விட்டுத் தாய் சிறிது நேரம் வெளியே போய்த் திரும்புவார். திரும்பி வந்ததும் என்ன நடக்கிறது என்பதில்தான் ஆய்வாளரின் கவனம் இருந்தது. பெரும்பாலான குழந்தைகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, சற்றில் தேறி விளையாடப் போய்விடும். சில குழந்தைகள் தூக்கச் சொல்லிக் கையை நீட்டும், தூக்கினால் அடிக்கும். இன்னும் சில, தாய் வந்ததைக் கவனிக்காததுபோல் விளையாட்டுப் பொருளையே பார்த்துக்கொண்டிருக்கும். இந்த மூன்றாம் வகைக் குழந்தைகளின் இதயத் துடிப்பை 1970களில் அளந்தபோது, அமைதியான அந்த முகத்துக்குக் கீழே துடிப்பு உயர்ந்தே இருந்தது. சத்தம் கூட்டப்பட்ட தொலைக்காட்சியின் முன்னால் இருப்பவர் கவலைப்படவில்லை என்று முடிவுகட்ட முன் இது நினைவில் இருக்கட்டும்.

இந்த வகைப்பாடுகளை அப்படியே நம் வீடுகளுக்குப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அம்மம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அன்ரி என்று நான்கு மடிகளில் வளரும் பிள்ளையும், தாயோடு மட்டும் தனித்திருக்கும் பிள்ளையும் பிரிவை ஒரே மாதிரி உணர்வதில்லை. இதே சோதனையில் 8 நாடுகளில் திரட்டிய 32 தொகுதித் தரவுகளை 1988இல் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடே பெரிது என்று கண்டார்கள்.

[காட்சி: ஒரு சோதனைச் சாவடியின் நிழலுருவம். சுழற்றி டயல் செய்யும் பழைய தொலைபேசி.]

கொழும்புத் தமிழ் வீட்டின் காத்திருப்புக்கு இன்னொரு கனமும் உண்டு. 1996 ஜனவரி 31இல் கோட்டையில் மத்திய வங்கி தகர்க்கப்பட்ட நாளில் அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்தவர்கள், அடையாள அட்டையோடு சோதனைச் சாவடியில் நின்ற பிள்ளை வீட்டுக்கு வருமா, பொலிஸ் நிலையத்துக்குப் போகுமா என்று தெரியாமல் இருந்தவர்கள், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்த 2019 ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடைக்குப் பூசைக்குப் போனவர்களை அழைத்து அழைத்துப் பார்த்தவர்கள் இந்த நகரில் இருக்கிறார்கள். அவர்களது உடலுக்குப் "பிந்துதல்" என்ற சொல் நேரக்கணக்கு அல்ல. 1999இல் பிறந்த மகளுக்கு அது பஸ் நெரிசல். 1968இல் பிறந்த தாய்க்கு அது வேறு. இருவரும் ஒரே வாசலில் நின்று இரண்டு காலங்களில் பேசுகிறார்கள்.

[காட்சி: வாட்ஸ்அப் திரை. ரொறன்ரோவில் காலை, கொழும்பில் இரவு.]

வயதோடு இந்தக் கோபம் ஒழிவதில்லை, உடை மாற்றிக்கொள்கிறது. பதின்ம வயதில் அது அறைக் கதவைச் சாத்துகிறது. கணவன் மனைவிக்கிடையே வரும்போது தமிழ் அதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறது: ஊடல். மருதத் திணைக்கு அதை உரிப்பொருளாக்கியவர்கள், திரும்பிச் சேரப்போகும் கோபத்தையும் சேராத பகையையும் பிரித்தறிந்திருந்தார்கள். போல்பியும் நம்பிக்கையின் கோபம், நம்பிக்கையிழந்த கோபம் என்று இரண்டாகவே பிரித்தார். முன்னையது ஆளைக் கிட்ட இழுக்கும். பிரிவு அடிக்கடியும் நீண்டும் நேரும்போது வரும் பின்னையது ஆளைத் துரத்தும். வெளிநாட்டிலிருந்து மூன்று வாரம் கழித்து அழைக்கும் மகனிடம் "இப்பதான் அம்மான்ர நினைவு வந்ததோ?" என்று தொடங்கும் தாய் முதலாவதைச் செய்வதாக நினைக்கிறார்; மகனின் காதில் இரண்டாவது விழுகிறது. அடுத்த அழைப்பு ஐந்து வாரத்தில்தான் வரும்.

உணர்ச்சிக்குப் பெயரிட்டால் அதன் வேகம் குறைகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. 2007இல் மத்தியூ லீபர்மானின் குழு மூளைப் படங்களை எடுத்துப் பார்த்தபோது, கோபமும் பயமும் கொண்ட முகங்களுக்கு உணர்ச்சிப் பெயரைத் தேர்ந்தவர்களின் அமிக்டலா என்னும், பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயற்பாடு தணிந்திருந்தது. ஆகவே "பயந்துபோனன் பிள்ளை" என்ற இரண்டு சொற்கள், கேட்பவருக்கு மட்டுமல்ல, சொல்பவருக்கும் உதவக்கூடும். அதைச் சொல்வது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். கோபப்படுகிறவர் வீட்டில் பெரியவராகவே இருக்கிறார், பயந்தேன் என்றவுடன் சிறியவராகிவிடுகிறார்.

[காட்சி: மறுநாள் காலை. அதே வீடு.]

மகள் வேலைக்குப் புறப்படும்போது பை சற்றுக் கனக்கிறது. திறந்து பார்க்கிறாள், உள்ளே தந்தையின் பவர் பேங்க், வயர் சுற்றி றப்பர் பான்ட் போட்டபடி, முழுதாக சார்ஜ் ஏற்றி. அவர் பத்திரிகையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.