பிள்ளைகள் எடுத்த நிழல்கள்

(சென்னையில் பெற்றோர், ஆசிரியர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சிலை, ஒரு கிளிக், அடுத்த சிலை. 1851-இல் தொடங்கிய இடம். ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுவார்கள். அதனால் இந்த முறை ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். பொருளைப் படமெடுக்கக் கூடாது, நிழலை மட்டும்தான் எடுக்கலாம்.

முதல் பத்து நிமிஷம் ஒருவர் நிழலுக்கு ஒருவர் கொம்பு வைத்தார்கள். சரி, அதுவும் வேண்டும்தான். அப்புறம் மரத்தடியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். "சார், இலை இடுக்கெல்லாம் கோணல்மாணலா இருக்கு. கீழ விழற வெயில் மட்டும் ஏன் வட்டமா இருக்கு?"

அந்த வட்டம் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். சின்ன இடுக்கு, லென்ஸுக்குப் பதில் சிறு துளை மட்டுமே உள்ள ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்கிறது. பத்தடி உயரத்திலிருந்து விழுந்தால் வட்டம் ஏறக்குறைய ஒரு அங்குலம் இருக்கும். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தின்போது மரத்தடியைக் கவனித்தவர்கள், இதே வட்டங்கள் பிறைபிறையாக விழுந்ததைப் பார்த்திருப்பார்கள். நாங்கள் போன அன்று காலை வெயில் சாய்வாக வந்ததால் தரையில் வட்டங்கள் கொஞ்சம் நீண்டிருந்தன. அந்தப் பெண் உள்ளங்கையை நீட்டி, சூரியனைப் பார்த்த மாதிரி மெல்லச் சாய்த்தாள். நீண்டிருந்தது உருண்டு வட்டமானது. அதைப் படமெடுக்க அவளுக்கு இருபது நிமிஷம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை. அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

உள்ளே, ஆந்திராவின் அமராவதியில் கிடைத்த பௌத்தச் சிற்பங்கள். சுண்ணாம்புக் கல்லில் அதிக ஆழமில்லாமல் செதுக்கியவை. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால்தான் மடிப்பும் முகமும் எழுந்து நிற்கும். நேரே ஃபிளாஷ் அடித்தால் நிழல் போய்விடும், சிற்பமும் தட்டையாகிவிடும். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் இந்தக் கற்களைப் படமெடுத்தபோது ஃபிளாஷ் ஏது? வெயிலை நம்பித்தான் எடுத்தார். இதைச் சொன்னதும் பிள்ளைகள் தாங்களாகவே ஃபிளாஷை அணைத்தார்கள்.

செல்போன் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இருட்டான இடத்தை அது தானாகவே வெளுப்பாக்கிவிடும். திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, படத்தின் பிரகாசத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். நிழல் கறுப்பாகவே நிற்கும்.

ஆகஸ்டில் மறுபடி போகிறோம். ஏப்ரல் கடைசியில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும், நண்பகலில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வரும். நிமிர்ந்து நிற்கும் பொருளின் நிழல் அதன் காலடிக்குள் அடங்கிவிடும். பன்னிரண்டு மணியைச் சற்றுத் தாண்டித்தான் அது நடக்கும். அதனால் பதினொன்றரைக்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தனுப்புங்கள். வெயிலில் நிமிர்த்தி வைத்துப் பார்க்க அந்த பாட்டில்தான் வேண்டும்.