இனிப்பு மிளகாயும் அதன் விதையும்

நேயர்களுக்கு வணக்கம்.

1887-ஆம் ஆண்டு, தெற்கு இத்தாலியின் ருவோத்தி என்னும் சிற்றூரிலிருந்து அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த ஜுசெப்பே, ஆஞ்செலா நர்டெல்லோ தம்பதியர், தங்கள் ஊர் மிளகாய் விதையையும் உடன் எடுத்துச் சென்றார்கள். பார்வைக்கு நம் நீட்டு மிளகாயைப் போலவே சாண் நீளத்தில் வளைந்து தொங்கும் அந்தக் காய், பழுத்துச் சிவந்ததும் துளியும் காரமின்றி இனிக்கும். அதைக் கொல்லையில் விடாமல் பயிரிட்டுவந்த அவர்களின் மகன் ஜிம்மி, 1983-இல் சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்னும் விதைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்ததால், இன்று அவர் பெயராலேயே அந்த ரகம் வழங்குகிறது.

இத்தகைய மரபு ரகத்தை நம் சமவெளியில் வளர்க்க விரும்புவோர் ஆவணி, புரட்டாசியில் விதைப்பது நல்லது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். மார்கழிக் குளிரில் காய் நன்றாகப் பிடிக்கும். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த குழித்தட்டில் ஊன்றினால் இரண்டு வாரத்துக்குள் முளைத்து, நாற்பது, நாற்பத்தைந்து நாளில் நடவுக்கு வந்துவிடும்.

வளர்ப்பதைவிட விதை எடுப்பதில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். முதல் ஆண்டு நான் நாட்டு மிளகாய்த் தொட்டியின் அருகிலேயே இதையும் வைத்திருந்தேன். காய்கள் இனித்தன, விதையும் எடுத்தேன். மறு ஆண்டு அவ்விதையில் வளர்ந்த செடியின் முதல் காயைக் கடித்த என் பேத்திக்குக் கண்ணில் நீர் வழிந்தது. தேனீ கொண்டுவந்த மகரந்தம் அந்த ஆண்டின் காயை மாற்றுவதில்லை, ஏனெனில் சதையும், காயினுள் விதைகள் ஒட்டியிருக்கும், காரம் ஊறும் வெண்ணிறத் தண்டும் தாய்ச்செடியின் பகுதிகள்; உள்ளிருக்கும் விதையோ இரு செடிகளின் பிள்ளை. காரப் பண்பு ஓங்கு பண்பாதலால் அடுத்த தலைமுறையில் அதுவே வெளிப்படுகிறது.

ஆகவே மொட்டு விரியுமுன் மெல்லிய வலைத்துணிப் பையால் கிளையை மூடி, நாளும் லேசாகத் தட்டிவிடுங்கள். மிளகாய்ப்பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். பிஞ்சு பிடித்ததும் பையை நீக்கி, காம்பில் சிவப்பு நூல் கட்டி, அந்தக் காயை மட்டும் சமையலுக்குப் பறிக்காமல் முழுமையாகப் பழுக்க விடுங்கள். விதைகளை நிழலில் உலர்த்தி, வளைத்தால் வளையாமல் முறியும் பதத்தில், ரகத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதிய கண்ணாடிக் குப்பியில் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.