தேங்காய் எண்ணெயும் மீன் எண்ணெய்க் குளிசையும்

மலையகத்து நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். பல வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவன் நான். ஆண்கள் வரிசை குறையும்வரை ஒதுங்கி நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, எண்ணெய், கொழுப்பு சாப்பிட்டால் புரொஸ்டேட்டில் புற்றுநோய் வருமாமே?"

புரொஸ்டேட் ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சிறு சுரப்பி. வயது ஏற ஏற அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடியேறியவர்களுக்கு, ஊரில் இருந்தவர்களைவிட இது அதிகம் வந்தது. சாப்பாடுதானோ என்ற சந்தேகம் அப்படித்தான் வலுத்தது. 1993இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இறைச்சிக் கொழுப்பு அதிகம் சாப்பிட்டவர்களிடம் முற்றிய புற்றுநோய் கூடுதலாக இருந்தது என்றது. பின்னால் வந்தவை எல்லாம் அதை ஆமோதிக்கவில்லை. தேங்காய் எண்ணெயை அளவாகப் பாவியுங்கள், அது இதயத்துக்காக. ரொட்டிக்குச் சம்பல் அரைத்த மனைவிமேல் புற்றுநோய்ப் பழியைப் போடாதீர்கள்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். கொழும்பில் கடையில் வேலை பார்க்கும் மகன், அப்பாவுக்கு இந்த நோய் வரக்கூடாதென்று மீன் எண்ணெய்க் குளிசை அனுப்புவான். பெரியவர் போத்தலைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் ஒன்று விழுங்குவார். மகனுடைய பாசம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிறுநீர் போகக் கஷ்டப்பட்டபோதும் "குளிசை பார்த்துக்கொள்ளும்" என்று கிளினிக்குக்குப் போகாமலே இருந்துவிட்டார். கடைசியில் சிறுநீர் அடைத்து, குழாய் போட வேண்டியதாயிற்று. நல்லவேளை, புற்றுநோய் இல்லை, புரொஸ்டேட் வீக்கம்தான். அந்தக் குளிசைக் காசுக்கு எவ்வளவு நெத்தலிக் கருவாடும் பருப்பும் வாங்கியிருக்கலாம்!

குளிசை காக்காது என்று நானாகச் சொல்லவில்லை. 2018இல் முடிவு வந்த ஓர் ஆய்வில் 25,871 பேர் இருந்தார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் மீன் எண்ணெய்க் குளிசை எடுத்தவர்களுக்கும் இந்தப் புற்றுநோய் குறையவில்லை. வைட்டமின் ஈ இன்னும் மோசம். 35,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், அதை மட்டும் எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011இல் தெரிந்தது. மறுபடியும் சொல்கிறேன், குளிசை காக்காது.

தட்டில் உள்ள கொழுப்பைவிட உடம்பில் சேரும் கொழுப்புக்குத்தான் முற்றிய புரொஸ்டேட் புற்றுநோயோடு தெளிவான தொடர்பு தெரிகிறது. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி மலை ஏறி இறங்கியவர் வேலை நின்றபின் வீட்டோடு இருக்கிறார். சாப்பாட்டு அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. வயிறு வைப்பது அங்கேதான்.

சரி, நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். அறிகுறிகளை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரவில் அடிக்கடி எழும்புவது பெரும்பாலும் வீக்கத்தால்தான், ஆனாலும் காட்டுங்கள். சிறுநீரில் இரத்தம், விடாத இடுப்பெலும்பு வலி என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்திருந்தால், டொக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். பீ.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையா என்றும் கேளுங்கள். வணக்கம்.