சம்பளம் இருக்கட்டும், வகுப்பு எந்த லைனில்?

நேயர்களுக்கு வணக்கம்.

"ஜெர்மன் படித்து முடித்துவிட்டேன், மும்பையில் கற்பிக்கக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?" என்று கேட்டு வரும் பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். காரணம் தெரிந்ததுதான். இந்தியாவின் திறன் பெற்ற பணியாளர்களுக்குத் தரும் விசாவை ஆண்டுக்கு 20,000 என்பதிலிருந்து 90,000 ஆக உயர்த்தப் போவதாக 2024-இல் ஜெர்மனி அறிவித்தது. நர்சுகளும் எஞ்சினியர்களும் பி1, பி2 என்று ஜெர்மன் மொழியின் இடைநிலைகளைப் படிக்க வருகிறார்கள். படிக்க ஆள் வந்தால் சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டுமே. மதுரையிலிருந்து மும்பைக்குப் போய்ச் சில வருடம் அந்த வேலையைச் செய்தவள் என்பதால் என்னையும் இங்கே பேச அழைத்திருக்கிறார்கள்.

வருகிறவர்கள் முதலில் சம்பளத்தைச் சொல்வார்கள். ஊரோடு பார்த்தால் நல்ல தொகைதான். அடுத்து வாடகையைச் சொல்வார்கள், குரல் இறங்கிவிடும். நான் இரண்டையும் விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்பேன். வகுப்பு எங்கே, எத்தனை மணிக்கு? மும்பை உள்ளூர் ரயிலின் மூன்று தடங்களில் எது, வெஸ்டர்ன் லைனா, சென்ட்ரலா, ஹார்பரா?

ஏன் என்றால், மொழி நிறுவனங்களில் பலவற்றில் மாதச் சம்பளம் கிடையாது. 45 நிமிடம் ஒரு அலகு, அலகுக்கு இத்தனை ரூபாய். அதிலும் வருமான வரிக்கென்று 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஒரு பேட்ச் முடிந்து அடுத்தது சேரும்வரை வரவு இல்லை. தாதரில் காலை எட்டு மணி வகுப்பு, அந்தேரியில் மாலை ஆறரை வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை மிச்சம் என்று சென்ட்ரல் லைனில் தள்ளி இருக்கும் டோம்பிவிலியில் வீடு எடுத்தால், காலை ஆறரை மணிக்கே பிளாட்ஃபாரத்தில் நிற்க வேண்டும். மாலையில் அந்தேரியிலிருந்து தாதர், அங்கே பாலம் ஏறி லைன் மாறி, திரும்பவும் நெரிசலில் நின்றுகொண்டே டோம்பிவிலி. ஆக, காசு வருவது நாலைந்து மணி நேரத்துக்கு. வீட்டுக்கு வெளியே இருப்பது பதினைந்து மணி நேரம்.

தாதருக்குப் பக்கத்தில் இருக்கும் மாட்டுங்காவில் பழைய தமிழ்க் குடும்பங்கள் ஏன் விடாப்பிடியாக இருக்கின்றன என்றால், எல்லோரும் கோவில், காபித்தூள், வாழை இலை என்பார்கள். அது சரிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, நடக்கிற தூரத்தில் மூன்று ஸ்டேஷன். சென்ட்ரலுக்கு மாட்டுங்கா, வெஸ்டர்னுக்கு மாட்டுங்கா ரோடு, ஹார்பருக்கு கிங்ஸ் சர்க்கிள். நாலு இடத்தில் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு இதைவிட வசதி வேண்டுமா? என்ன, அங்கே ஒரு சின்ன அறைக்குத் தரும் வாடகையில் டோம்பிவிலியில் தாராளமான வீடே கிடைக்கும். தனியாகப் போகிறவர்கள் முதல் ஆண்டு வீட்டை மறந்துவிட்டு, நடுவான இடத்தில் பெண்கள் விடுதியோ பேயிங் கெஸ்டோ பாருங்கள். அறையைப் பங்கு போட்டுக்கொண்டாலும் பரவாயில்லை. எந்த லைனில் வகுப்புகள் நிலைக்கின்றன என்று தெரிந்தபிறகு வீடு தேடலாம்.

ரயில் பயமாக இருக்குமா என்று கேட்பார்கள். முதல் வாரம் இருக்கும். அப்புறம் பெண்கள் பெட்டியின் வழக்கம் பிடிபட்டுவிடும். ஏறியதும் உட்கார்ந்திருப்பவர்களிடம் "எங்கே இறங்குவீர்கள்?" என்று இந்தியில் கேட்க வேண்டும். ஒருவர் குர்லா என்பார். "சரி, அந்த சீட் எனக்கு" என்று சொல்லி வைத்துவிட்டால் போதும், வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். டிக்கெட், ரசீது எதுவும் கிடையாது, வாய் வார்த்தைதான். மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆள் பாதி உடம்பை வைத்து உட்காரவும் உரிமை உண்டு. அந்தப் பாதி இடத்தில் உட்கார்ந்தபடி மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துகிற ஆசிரியைகளை நீங்களும் பார்ப்பீர்கள்.

வீட்டு விஷயம். 'ஒன் ஆர்கே' என்றால் ஒரு அறையும் சமையலறையும். இரண்டு மூன்று மாத வாடகை முன்பணம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பல லட்சம் முன்பணமாகக் கொடுத்தால் வாடகை ரொம்பக் குறைவு என்று 'ஹெவி டெபாசிட்' பேசுவார்கள். அலகுக்கு இத்தனை என்று சம்பாதிக்கிறவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். "11 மாதம்தானே, பதிவு எதற்கு?" என்பார்கள். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-இன்படி, எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். செய்ய வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது. இப்போதெல்லாம் ஒரு ஆள் லேப்டாப்பும் கைரேகை மெஷினும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவார். இரண்டு தரப்பும் விரல் வைத்தால் வேலை முடிந்தது. வங்கியில் முகவரி மாற்றவும் அந்தக் காகிதம்தான் உதவும். கல்யாணம் ஆகாதவர்களுக்குக் கிடையாது, அசைவம் சமைக்கக் கூடாது என்று சில சொசைட்டிகள், அதாவது குடியிருப்புச் சங்கங்கள், சொல்லும். வாதாடிப் பார்த்திருக்கிறேன், நேரம்தான் வீண்.

இரண்டு வகுப்புக்கு நடுவில் விழும் நாலு மணி நேரத்தை எங்கே கழிப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. காபிக் கடையில் உட்கார்ந்தால் அன்றைய ஒரு அலகு போய்விடும். தென் மும்பையின் காலா கோடாவில், ஜெர்மன் கற்பிக்கும் மாக்ஸ் முல்லர் பவனுக்குப் பக்கத்தில் டேவிட் சாசூன் நூலகம் இருக்கிறது. 1870-இல் கட்டி முடித்த கல் கட்டடம். பின்னால் தோட்டம், மாடி வராந்தாவில் கால் நீட்டும் சாய்வு நாற்காலிகள். உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள். மதியம் அங்கே பாதிப் பேர் பேப்பரை மார்பில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஆன்லைனிலேயே எடுக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஏ1, ஏ2 என்ற தொடக்கநிலை வகுப்புகளை மதுரையிலிருந்தே எடுக்கலாம். ஆனால் ஆன்லைனில் போட்டி அதிகம், கட்டணத்தை அடித்துப் பேசுகிறார்கள். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ், பவாய் பக்கம் கம்பெனிகளுக்குள்ளே நேரில் போய் எடுக்கும் வகுப்புக்குத் தருகிற பணம் வேறு. மாதச் சம்பளம்தான் வேண்டும் என்றால் சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளைப் பாருங்கள். பெரும்பாலும் பி.எட். கேட்பார்கள்.

கடைசியாக, மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த நாளும் சயான், குர்லா பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறலாம். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த ஊர் அது. ரயில் நின்றால் வகுப்பு ரத்து. ரத்தான வகுப்புக்குப் பணம் உண்டா, இல்லை வேறொரு நாள் எடுத்துக் கொடுக்க வேண்டுமா? பேட்ச் நடுவில் கலைந்தால் மீதி அலகுகளுக்கு என்ன கணக்கு? இவற்றை வேலையில் சேரும் முன்பே கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் "பார்த்துக்கலாம் மேடம்" என்று சொன்னால், எழுதித் தாருங்கள் என்று இன்னொரு முறை கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.