பேய்க்கணவாய்க்கு வலிக்குமா?

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கமிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

உணர்வு எங்கே தொடங்கியது என்று கேட்டால் எல்லோரும் நேரே மனித மூளைக்குப் போய்விடுகிறார்கள். நான் பேய்க்கணவாயிலிருந்து, அதாவது ஆக்டோபஸிலிருந்து தொடங்குகிறேன். அதன் உடம்பில் ஏறக்குறைய 50 கோடி நரம்பணுக்கள். மூன்றில் இரண்டு பங்கு எட்டுக் கைகளில்தான் இருக்கின்றன. வெட்டிப்போட்ட கை, தொட்டால் வந்து ஒட்டிக்கொள்வதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது வெறும் நரம்புத் துடிப்பா, வலியா?

2021இல் ஓர் ஆய்வு வந்தது. ஊசி போட்டு எரிச்சல் உண்டாக்கிய அறையை அப்புறம் பேய்க்கணவாய்கள் ஒதுக்கின. வலியை மரக்கச் செய்யும் மருந்து கிடைத்த அறையை நாடின. வெறும் துடிப்பு இடத்தை நினைவு வைக்காது. நோவை அனுபவிக்கிற ஓர் உயிர் அதற்குள் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த, புழு போன்ற சிற்றுயிர். அப்படியானால் உணர்வு ஒரு தடவைக்கு மேல் தோன்றியிருக்கலாம்.

சரி, துடிப்பு எப்படி உணர்வாகிறது? 1990களில் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞர் ‘கடினமான சிக்கல்’ என்றது இதைத்தான். நம் நாட்டில் இது பழைய வழக்கு. மாவும் வெல்லமும் சேர்ந்து புளித்தால் போதை பிறப்பதுபோல், நிலம், நீர், தீ, காற்று என்ற பூதங்கள் கூடி அறிவு பிறக்கிறது என்றார்கள் சார்வாகர்கள், உடலுக்கு அப்பால் உயிர் இல்லை என்ற பழங்காலத் தத்துவக்காரர்கள். சடத்திலிருந்து, அதாவது அறிவற்ற பொருளிலிருந்து அறிவு வராது, உயிர் தனிப்பொருள் என்றது சைவ சித்தாந்தம். ஆனால் உடல், புலன், மனம் போன்ற கருவிகள் கூடாமல் அந்த உயிர் எதையும் அறியாது என்றும் அதுவே சொல்கிறது. மயக்க மருந்து ஏறியதும் மனிதருக்கு எல்லாம் அற்றுப்போவதை நினைக்கும்போது, இந்த இரண்டாவது பாதிதான் என்னை உலுக்குகிறது. சார்வாகரை நாம் சரியாகக் கேட்காமலே தள்ளிவிட்டோம் என்ற வருத்தமும் உண்டு.

தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி நந்துக்கு, அதாவது நத்தைக்கு இரண்டறிவு, நண்டுக்கு நான்கறிவு என்கிறது. ‘அன்றே அறிவியல் கண்டோம்’ என்று இதை வைத்து மார்தட்ட வேண்டாம். நத்தைக்கு உறவான கணவாய் அந்தக் கணக்குக்குள் அடங்காது. ஆனால் அறிவை எண்ணத்திலிருந்து எண்ணாமல் தொடுவுணர்விலிருந்து எண்ணத் தொடங்கினார்களே, அது பெரிய பார்வை. பிரிட்டன் நண்டையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர்களாகச் சட்டத்தில் சேர்த்தது 2022இல்தான்.

உயிரியல் படிக்கப் போகும் பிள்ளைகள், வீட்டில் கடலுக்குப் போகும் அப்பா, சித்தப்பாவிடம் முதலில் கேளுங்கள். அடிபட்ட கையைக் கணவாய் என்ன செய்கிறது? தப்பியது மறுபடி அதே இடத்துக்கு வருகிறதா? எழுதி எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போங்கள்.